சும்மா கம்பெனியில் எட்டு மாதம்

கடிதம் வந்தபோது நான் சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவள் வீட்டுக்கு வந்தும் அதையே செய்தால் எப்படி இருக்கும்? நல்ல மனநிலையில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் உறையைக் கிழித்து வாசித்தாள். குடியுரிமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது.

"தங்கள் கணவர் ‘சும்மா’ என்னும் நிறுவனத்தில் எட்டு மாதங்கள் பணியாற்றியதாகவும், அந்நிறுவனத்தின் பொருட்டு இருமுறை வெளிநாடு சென்று வந்ததாகவும் மனுவில் குறிப்பிடப்பட்டுள்ளது. மேற்படி நிறுவனத்தின் முகவரி, பதிவு எண், தலைவரின் பெயர், நோக்கம் ஆகிய விவரங்களுடன் நேர்காணலுக்கு வரவும்."

மகள் கடிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, நீ என்ன பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்னடி பண்ணேன்? கட்டத்தை நிரப்பச் சொன்னாங்க, நிரப்பினேன்."

நடந்தது இதுதான். கணினியில் மனுவை நிரப்ப மகள் வருகிறேன் என்றாள். எனக்குத் தெரியாதா, நான் என்ன கைநாட்டா என்று நானே உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி முக்கால்வாசி தாண்டிவிட்டேன். கடந்த ஐந்து வருடம் என் வீட்டுக்காரர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்று கேட்கிற பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். அவர் லிப்ட் மெக்கானிக். நடுவில் எட்டு மாதம் வேலையில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் கத்துகிறது. அவர் அப்போது அடுப்படித் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்த எட்டு மாசம் என்ன பண்ணீங்கன்னு கேக்குது!"

"சும்மாதானே இருந்தேன்" என்று தொட்டிக்கடியிலிருந்து குரல் வந்தது.

இப்போதைக்கு அதையே போட்டு வைப்போம், பிறகு மகளிடம் கேட்டு மாற்றிக்கொள்வோம் என்று ‘சும்மா’ என்று தட்டினேன். சிவப்பு எழுத்து மறைந்தது! அதற்கு அடுத்த கட்டத்திலும் தட்டினேன். இரண்டு தடவை ஊருக்குப் போனது எதற்கு என்று கேட்ட இடத்திலும் அதையே தட்டினேன். இப்படி எந்தப் பூட்டையும் திறக்கிற சாவி எனக்குக் கிடைத்ததில்லை. கடைசியில் பச்சைப் பொத்தான் ஒன்று வந்தது. அமுக்கினேன். அது அனுப்புகிற பொத்தான் என்று யார் கண்டார்?

அனுப்பிய பிறகு மகளிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் விரலால் கெட்டேன்.

மகள் கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் முப்பத்தெட்டு நாள். அதற்குள் எங்கள் இருவர் மனுவும் தேறினால் எங்களோடு சேர்த்து அவளுக்கும் குடியுரிமை. தேறாவிட்டால் அவள் தனியாக மனுப் போட்டு நாலு வருடம் காத்திருக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சிக் கல்லூரியில் குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள், இருபது வயதைத் தாண்டினாலும் சேர்க்க மாட்டார்கள். இவளோ தண்ணீர்க் குழாயைத் தோளில் சுமந்து ஏழு மாடி ஓடி ஏறி, தேர்வில் இரண்டாவதாக வந்தவள். காலணி அளவுகூட எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒரு வார்த்தைம்மா" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை."

தப்பு என்மேல்தான். அதை வெளியில் காட்டினால் நான் நானா? "எல்லாம் உங்கப்பாவால வந்தது" என்றேன்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் சலவைக்கூடத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். ஆபரேஷன். அதே வாரம் அவருடைய கம்பெனியில் ஆட்குறைப்பு என்று இவரை அனுப்பிவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்றாலும், வீட்டில் ஒரு ஆள் இருந்தாரே, அதுவும் நம் நல்ல நேரம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நான் விழுந்ததை ஊரில் சொல்லவில்லை, என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். அண்ணன் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் இவர், "சும்மாதான் இருக்கேன் மச்சான்" என்பார். அண்ணன் விடுவானா? ‘சும்மா மாப்பிள்ளை’ என்று பேர் வைத்தான். சொந்தபந்தம் முழுக்க அந்தப் பேர் பரவியது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்தது மட்டுமா, சண்டை வரும்போதெல்லாம் "கம்பெனிக்காரனே வேண்டாம்னு அனுப்புன ஆளுதானே நீங்க" என்று எடுத்து வீசியிருக்கிறேன். அவர் பதில் சொல்ல மாட்டார். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே பல் தேய்க்கும்போதுதான் தெரியும்.

மகள் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். அதிகாரி வேடம் போட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

"இந்த நாட்டுக் கொடியில எத்தனை நிறம்?"

"மூணு. அதுல ஒண்ணு வெளுத்தா பழையபடி வராது" என்றேன். தொழில் புத்தி.

"அம்மா! கேட்டதுக்கு மட்டும் பதில். அப்பா, அந்த எட்டு மாசம் ஏன் வேலைக்குப் போகல?"

அவர் எழுந்து குழாய் ஒழுகுகிறதா பார்க்கப் போய்விட்டார்.

"ஆட்குறைப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதானே? தப்பு கம்பெனி மேல. காரணம் சொல்லாம ஆறு மாசத்துக்கு மேல வேலை இல்லாம இருந்தாத்தான் தள்ளுபடி பண்ணுவாங்களாம்" என்று நான் கத்தினேன்.

"ம்" என்றார். குழாய் ஒழுகவே இல்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணல் அறை சின்னது. ஒரு மேசை, நாலு நாற்காலி, காற்று வராத ஜன்னல். அதிகாரியின் முன்னால் ஏழு பென்சில்கள் ஒரே அளவில் சீவி வரிசையாக இருந்தன. நான் மனசுக்குள் அவருக்குப் பென்சில்காரர் என்று பேர் வைத்தேன். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சத்தியம் செய்து சொல்வதைத் தாய்மொழியிலேயே சொல்லலாம் என்று விதி இருந்ததால், மொழிபெயர்க்க ஒரு கண்ணாடிக்காரம்மா வந்திருந்தார்.

கொடி, சட்டம், நதி, நாடாளுமன்றம் எல்லாவற்றிலும் தேறினோம். பிறகு பென்சில்காரர் ஒரு புதுப் பென்சிலை எடுத்தார். நாங்கள் கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தோம். கண்ணாடிக்காரம்மாவும் செய்தார், இந்த அறையில் பேசப்படும் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்ப்பதாக.

"‘சும்மா’ங்கற நிறுவனத்தோட தலைவர் யாருன்னு கேக்கறார்."

"அது நிறுவனம் இல்லீங்கம்மா, உங்களுக்குத் தெரியாதா? சும்மான்னா சும்மா!" என்றேன்.

கண்ணாடிக்காரம்மா பெருமூச்சு விட்டு அதிகாரியின் பாஷையில் ஆரம்பித்தார். பாவம், நேர்மையான மனுஷி. ஒரு அர்த்தம் சொன்னால் போதாதா? சும்மா என்றால் வேலை செய்யாமல் என்று சொன்னார். பென்சில்காரர் எழுதிக்கொண்டார். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்காமல். எழுதிக்கொண்டார். சும்மா இரு என்றால் வாயைத் திறக்காதே. சும்மா சொன்னேன் என்றால் பொய். சும்மா சும்மா என்றால் திரும்பத் திரும்ப. பென்சில்காரர் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினார்.

கண்ணாடிக்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "அப்போ உங்க கணவர், சம்பளம் வாங்காம, யார்கிட்டயும் சொல்லாம, திரும்பத் திரும்பப் பொய் சொல்ற ஒரு அமைப்புல இருந்தாரான்னு கேக்கறார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்றால் இதுதான். எனக்குத் தாங்கவில்லை. அவர் பக்கம் திரும்பி மெதுவாக, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று முணுமுணுத்தேன். என்னைத்தான் சொல்லிக்கொண்டேன். கண்ணாடிக்காரம்மாவுக்குக் காது கூர்மை. சத்தியம் வேறு செய்திருந்தார். அதையும் மொழிபெயர்த்துவிட்டார்.

பென்சில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆண்டிங்கறது யாரு, அந்தச் சங்கு இப்ப எங்க இருக்குன்னு கேக்கறார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடிக்காரம்மாவின் தோள் குலுங்கியது. அவர் கர்சீப்பை எடுத்து இருமுவதுபோல் இருமினார். பிறகு, அது பழமொழி, ஆண்டியும் இல்லை சங்கும் இல்லை என்று அவர் விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஊருக்கு எதற்காகப் போனீர்கள் என்று பென்சில்காரர் கேட்டார். அப்பாவையும் அண்ணனையும் பார்க்க என்றேன். அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை? பெற்றவர்களைப் பார்க்கப் போவதற்குக் காரணம் எழுதுவது எங்களுக்குப் பழக்கமில்லை என்றேன். பென்சில்காரர் அந்தக் கட்டத்தைத் திருத்தினார். அப்பாடா என்று இருந்தது.

"சரி. அந்த எட்டு மாசம் ஏன் வேலை இல்லைன்னு கேக்கறார். உங்க கணவர்தான் பதில் சொல்லணும்."

நான் அவர் காலை மேசைக்கடியில் மிதித்தேன். ஆட்குறைப்பு என்கிற ஒரு வார்த்தை. நாலு நாள் சொல்லிக் கொடுத்த வார்த்தை.

அவர் தன் கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "சும்மாதாங்க இருந்தேன்" என்றார்.

கண்ணாடிக்காரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், முப்பத்தெட்டு நாள் இருபத்தாறு ஆகிவிட்டது, இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை!

"கம்பெனியில ஆட்குறைப்பு பண்ணி இவரை அனுப்பிட்டாங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

பென்சில்காரர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மெதுவாக வாசித்தார். கண்ணாடிக்காரம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"லிப்ட் கம்பெனிக்கு இவங்க கடிதம் போட்டுக் கேட்டிருக்காங்க. அவங்க யாரையும் குறைக்கலையாம். இவருக்கு மேற்பார்வையாளர் பதவி குடுத்தாங்களாம். இவர்தான் பதினேழாம் தேதி காலைல வந்து, வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாராம். எவ்வளவோ சொல்லியும் கேக்கலையாம்."

பதினைந்தாம் தேதி நான் விழுந்தேன். பதினாறாம் தேதி ஆபரேஷன்.

பதினேழாம் தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"என்னங்க இது?" என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண்ணாடிக்காரம்மா பக்கம் திரும்பி, "இதை மட்டும் அவருக்குச் சொல்லாதீங்கம்மா" என்றார்.

"சொல்லணுங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆறு மாசம் எழுந்து நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். இவளுக்காக நான் வேலையை விட்டேன்னு தெரிஞ்சா இவ படுத்திருப்பாளா? மூணாம் வாரமே எழுந்து, நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க கிளம்புங்கன்னு நடந்து காட்டியிருப்பா. மறுபடி உடைச்சுக்கிட்டிருப்பா. கம்பெனிக்காரன் அனுப்பிட்டான்னு சொன்னா, கம்பெனியைத் திட்டிக்கிட்டே படுத்திருப்பா. திட்டவும் ஒரு ஆள் வேணுமே." என் பக்கம் கையைக் காட்டினார். "படுத்திருந்தா. எலும்பு கூடிடுச்சு. அவ்வளவுதாங்க."

கண்ணாடிக்காரம்மா மொழிபெயர்த்தார். இந்தத் தடவை அவர் நிஜமாகவே இருமினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது. நாலு வருடமாக நான் வீசியதையெல்லாம் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டு, அண்ணன் வைத்த பேரையும் சுமந்துகொண்டு, ஒரு தடவையாவது ‘போடி, உனக்காகத்தான்’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருக்க மாட்டேனா? மூடியிருக்க மாட்டேன்தான். அது அவருக்குத் தெரியும்.

பென்சில்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த எட்டு மாசம் நாள் முழுக்க என்ன பண்ணார்னு கேக்கறார். இப்ப யார் வேணும்னாலும் சொல்லலாமாம்."

நான் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வாய் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் படுக்க வெச்சார். அலாரம் வெச்சுக்கிட்டு. முதுகு ஒரு இடத்துலகூடப் புண்ணாகல. கட்டிலுக்கு மேல ஒரு கப்பியை மாட்டி, லிப்ட் கயிறு ஒண்ணைப் போட்டு, நானே பிடிச்சு எழுந்து உக்காரற மாதிரி பண்ணார். உன்னைத் தூக்கி உக்கார வெக்க நாலு பேரைக் கூப்பிட வேணாம், நீயே லிப்ட்டுன்னார். குளிக்க வெச்சார். நான் சொல்லக் கூச்சப்படற வேலையெல்லாம் முகம் சுளிக்காமப் பண்ணார். எனக்குத் தலை பின்னி விட்டார். அவருக்குக் கயிறு முறுக்கத்தான் தெரியும். அப்படித்தான் பின்னுவார். மூணு நாளானாலும் ஒரு முடி பிரியாது. ரிப்பன் கிடைக்கலன்னா கரண்ட் டேப்பைச் சுத்தி விட்டுடுவார். நான் அதுக்கும் திட்டினேன்."

கண்ணாடிக்காரம்மா ‘கரண்ட் டேப்’புக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார். பென்சில்காரர் தன் தலையில் கை வைத்துப் பின்னல்போல் காட்டிக் கேட்டார், ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் கட்டத்தை விரலால் தொட்டதும் அதிலிருந்து ஒரு பட்டியல் கீழே இறங்கியது. மூன்றாவது வரியில், ‘நோயுற்ற குடும்பத்தினரைப் பராமரித்தல்’ என்று இருந்தது.

"இதைத் தேர்ந்தெடுத்திருந்தா இந்த நேர்காணலே வேண்டியிருந்திருக்காதாம். ஏன் பாக்கலன்னு கேக்கறார்" என்றார் கண்ணாடிக்காரம்மா.

பட்டியல் இறங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் நேராகத் தட்டிவிட்டேன்.

"இன்னும் ஒரு கட்டம் இருக்காம். யாருக்காக வேலை செஞ்சார்னு போடணும். அதைக் காலியா விட முடியாதாம்."

"என் பேரைப் போடச் சொல்லுங்கம்மா."

பென்சில்காரர் என் பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தட்டினார். பிறகு ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார். யாருக்காக வேலை செய்தாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: பணி திருப்திகரமாக இருந்ததா?

"பின்னல் மட்டும் கொஞ்சம் இறுக்கம்" என்றேன். அதற்குள் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. திருப்தி என்ற இடத்தில் பெரிதாகக் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். கண்ணாடிக்காரம்மா பின்னலையும் மொழிபெயர்த்தார். பென்சில்காரர் முதல் தடவையாகச் சிரித்தார், முத்திரையை எடுத்தார், மூன்று தாளிலும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார். மூன்றாவது தாள் மகளுடையது.

வெளியே வந்ததும் அவள் அதைப் பிடுங்கி வாசித்தாள். அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல் அவள் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலடி ஓடினாள். "இறக்குடி, இறக்குடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் கெஞ்சினார். எழுபது கிலோ. காலணி அளவு வாங்கியவர்கள் ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் மகள் முன் சீட்டில் உட்கார்ந்து சினேகிதிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் பின்னால். ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம், ஐந்து நிறுத்தம் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு இன்றைக்கே போன் போட வேண்டும், போட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் கேள்வியை என்னைத்தான் கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. இருபது வருடத்தில் நான் இத்தனை நிறுத்தம் பேசாமல் வந்ததில்லை.

"என்னம்மா, இடுப்பு வலிக்குதா? ஏன் ஒண்ணும் பேசாம வர்ற?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. நாலு வருடத்துப் பாக்கி. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"சும்மாதாங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது.